நாலாவது மூலை

திண்டுக்கல் பூட்டென்றால் சாவி உண்டு.
தொலைந்தால் தேடலாம்,
தேடும்போது யாரையாவது திட்டலாம்.
இதற்குச் சாவி கிடையாது.
உள்ளங்கை அளவில் ஓர் இரும்புத் தலை
பெட்டியின் மூலைக்கண்ணுக்குள் நேராக இறங்கி
கால் வட்டம் திரும்பும்.
திரும்பிய தலை வந்த வழியில் வெளியேறாது.
அவ்வளவுதான் பூட்டு. அப்புறம் தூக்கலாம்.

கப்பலூர் யார்டில் அதைச் 'சுத்து' என்போம்.
தூக்குச் சட்டத்துக்கு நாலு சுத்து.
நாலும் திரும்பினால் கேபினில் பச்சை விளக்கு.
மூன்று திரும்பி ஒன்று மக்கர் பண்ணினால் சிவப்பு,
வின்ச் அசையாது.
நாலில் ஒருத்தனுக்கு இத்தனை அதிகாரம்
எங்கள் சங்கத்தில்கூட இல்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி சிவப்பு அணையவில்லை.
மேலூர்ப் பக்கத்துக் கல், பாலிஷ் போட்ட பலகைகள்,
இருபத்தாறு டன்.
விடிவதற்குள் தூத்துக்குடி கேட்டில் நுழையாவிட்டால்
கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும்.
சூப்பர்வைசர் தனுஷ்கோடி கத்தவில்லை.
கத்தியிருந்தால் மறுத்திருப்பேன்.
பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு
"சென்சார்தான்யா கோளாறு, பூட்டு நல்லாத்தான் இருக்கு,
வெரசாப் பாரு" என்றார்.

நாலாவது மூலையின் டப்பாவைத் திறந்தேன்.
விரல் நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர்,
இரண்டு முனையும் சீவி,
இங்கிட்டிருந்து அங்கிட்டு.
பச்சை.

பெட்டி எழுந்தது, ஆடாமல் போய்
டிரெய்லரில் உட்கார்ந்தது.
டோல்கேட் தாண்டிப் பின்விளக்கு மறைகிறவரை பார்த்தேன்.
காலையில் ஒயரை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.
காலையில் வேறு வேலை வந்தது.

பதினோரு நாள்.
நூற்று நாற்பது பெட்டிக்கு மேல்.
விழாத ஒவ்வொரு பெட்டியும் எனக்குச் சாட்சி சொன்னது,
நான் வைத்தது ஒயர் இல்லை, ரிப்பேர் என்று.
வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன்.

கீழே நின்று கொடி காட்டுகிறவள் ஒச்சம்மாள்.
விளக்கைப் பார்த்துக் கொடி காட்டச் சொல்லித்தான்
பயிற்சி கொடுத்திருந்தார்கள்.
அவள் விளக்கைப் பார்ப்பதில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு நாலு மூலையும் சுற்றி வருவாள்,
மாட்டுத்தாவணியில் பஸ் மாறுகிறவள்
பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி.
பெட்டிக்கு ஒரு நிமிஷம் வீணாகிறது என்று
அவள்மேல் எழுதிக் கொடுத்த புகாரில்
என் கையெழுத்தும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள்.
பரங்குன்றம் மலை வெயிலில் வெளுத்துக் கிடந்த மதியம்.
கேபினில் பச்சை.
செல்லக்கண்ணு கொடிக்குக் காத்திராமல் லிவரைத் தொட்டான்.
விசில்.
மூன்று மூலை ஒரு சாண் எழுந்திருந்தது.
நாலாவது யோசித்துக்கொண்டிருந்தது.
"எறக்கு! எறக்குண்ணே!"
அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் என்று
அன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம்.
மூலைக்கண்ணுக்குள் கல்தூளும் எண்ணெயும் சேர்ந்து
இறுகிப்போன ஒரு கட்டி.
சுத்து அரைகுறையாக நின்றிருந்தது,
திறந்ததும் இல்லை பூட்டியதும் இல்லை.
பெட்டி போக வேண்டிய பாதையில், டிரெய்லரடியில்
கிளீனர் பையன் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அவன் பெயரைக் கேட்டேன்.
கேட்டு என்ன ஆகப் போகிறது.
மாயழகு என்றான்.

ஒச்சம்மாள் டப்பாவுக்குள் டார்ச் அடித்தாள்.
ஒயரைப் பிடித்து இழுத்தாள்.
கேபினில் சிவப்பு.
"இத யாரு வச்சது?"

தனுஷ்கோடி டோல்கேட் பக்கம் பார்த்தார்.
செல்லக்கண்ணு மேலேயே இருந்தான்.
நான் ஸ்பானரைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே துடைத்தேன்.
ஒரே ஒரு சொல்.
தொண்டைக்குள் நேராக இறங்கி
பாதி திரும்பி
நின்றது.

அவள் டார்ச்சை அணைக்கவில்லை.
ஒரு பெட்டிக்கு எடுக்கிற நேரத்தை
எனக்கும் எடுத்துக்கொண்டாள்.